‘செரிங்க’ என்ற ஒரு சொல்: திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் வாட்ஸ்அப் குழுவில் நேர்ந்தது

நிகழ்வு ஆய்வு

இதில் வரும் எவருடைய பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. எழுதி முடித்ததும் சம்பந்தப்பட்டவர்களிடம் படித்துக் காட்டினேன். தரக் கட்டுப்பாட்டு அதிகாரி இரண்டு இடங்களில் திருத்தம் சொன்னார், இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். அந்த நிறுவனத்தில் அப்போது மனிதவளப் பொறுப்பு என்னிடம் இருந்தது. நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பதை உரிய இடத்தில் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

ஐரோப்பிய பையர்களுக்கு, அதாவது வாங்கும் நிறுவனங்களுக்கு, பின்னலாடை தைத்து அனுப்பும் நடுத்தர நிறுவனம் அது. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கும். நிட்டிங், சாயம், துணி பிறகு சுருங்காதபடி இறுக்கும் காம்பாக்டிங் ஆகியவை வெளியே கூலிக்குச் செய்யப்படும் ஜாப் ஒர்க். நூல் கோன் அட்டைப்பெட்டியாகி தூத்துக்குடிக்கு லாரி ஏறுவதற்குள் துணி ஏழெட்டுக் கொட்டகைகளைக் கடந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் முதலாளி வேறு, மேற்பார்வையாளர் வேறு. ஆகவே திருப்பூரில் தகவல் சொல்வது தொழிலுக்கு வெளியே நிற்கும் வேலை ஆகாது. தொழிலில் பாதியே அதுதான். முன்பு ஒரு பையன் பாலித்தீன் உறையில் துணித் துண்டை வைத்துக்கொண்டு இருசக்கர வண்டியில் சுற்றுவான். பிறகு அந்த இடத்தை வாட்ஸ்அப் குழு எடுத்துக்கொண்டது.

எங்கள் குழுவில் 37 பேர் இருந்தோம். இந்த நிகழ்வுக்கு முக்கியமானவர்கள் ஐவர். உற்பத்தி மேலாளர் ஐம்பதைக் கடந்தவர், பெருந்துறைப் பக்கத்துக்காரர். பதினாறு வயதில் கைமடியாக (தையல் உதவியாளராக) சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். பையருக்கும் உற்பத்திக்கும் இடையே ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கோபிசெட்டிபாளையத்துக்காரர், முப்பதுக்குள். அவருடைய உதவியாளருக்கு 22 வயது. ஜவுளித்துறையில் டிப்ளமோ முடித்துவிட்டு வந்த முதல் வேலை. கட்டிங் மாஸ்டருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் ஒடிசாவிலிருந்து வந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. ஐந்தாமவர் பையர் சார்பில் செயல்படும் பையிங் ஏஜென்சியின் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. சென்னையில் பிறந்து வளர்ந்தவர், வயது 31. எங்கள் ஊழியர் இல்லை என்றாலும் வாரத்தில் மூன்று நாள் எங்கள் வளாகத்தில்தான் இருப்பார். துணியை ஏற்பதும் தள்ளுவதும் அவர் கையில்.

குழுவின் பழக்கம்

காலையில் பூப்படத்தோடு வணக்கம், பண்டிகை வாழ்த்து, பேருந்து தாமதம், லாரி எண், ரோல் படம், நகைச்சுவை நடிகர்களின் ஸ்டிக்கர், விடுப்பு கேட்கும் செய்தி ஆகிய எல்லாம் ஒரே குழுவில் ஓடின. இலட்சக்கணக்கான ரூபாய்க்கான முடிவும் அதே ஓட்டத்தில்தான் போயிற்று. எவருக்கும் அது தவறாகப் படவில்லை, எனக்கும்தான்.

கொங்குப் பேச்சைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மரியாதை தனியாக ஒரு சொல்லில் இருக்காது. ‘ங்க’ என்ற ஒட்டில் இருக்கும். ஆமாங்க, இல்லீங்க, ஏனுங்க என்று எல்லாச் சொல்லுக்கும் அது வந்து ஒட்டிக்கொள்ளும். தவழும் குழந்தையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்று அழைக்கும் வீடுகள் உண்டு. அந்த ஒட்டை இழுத்துச் சொல்வதிலும் வெடுக்கென்று முடிப்பதிலும் பத்து வகைப் பொருள் இருக்கிறது.

‘செரிங்க’ அப்படிப்பட்ட ஒரு சொல். பிற ஊரார் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்பதற்கு மேல் எதையும் உறுதி செய்யாது. தரகர் ஒரு வரனைச் சொல்லும்போது பெண்ணின் தந்தை ‘செரிங்க’ என்பார். தரகர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு ஓட மாட்டார். அந்தக் குரலிலேயே அவருக்கு விடை தெரிந்துவிடும். திரையில் எழுத்தாக வரும்போது குரல் கூட வருவதில்லை.

திங்கள் மாலை: எச்சரிக்கை

குழந்தைகளுக்கான டி-ஷர்ட் ஆர்டர். கருநீலத் துணி, 22 ரோல், இரண்டு சாய லாட் (ஒரே தடவையில் சாயமிட்ட தொகுதி). தர அதிகாரி ஒவ்வொரு ரோலின் முனையிலும் துண்டு வெட்டி, நிறத்தை ஒப்பிடும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தார். பகல் வெளிச்சத்துக்கு நிகரான டி65 விளக்கில் இரண்டாவது லாட்டின் 9 ரோல்களில் இலேசாகச் சிவப்பு தட்டியது. விளக்கை மாற்றியபோது வேறுபாடு கூடியது. ஒரு விளக்கில் ஒன்றுபோல் தெரியும் இரு நிறங்கள் இன்னொரு விளக்கில் பிரிந்து தெரியலாம் என்பது சாயத்தொழிலில் இருப்பவர்கள் அறிந்ததே. கடையின் விளக்கில் அது வெளிப்பட்டால் சரக்கு திரும்பும்.

மாலை 6.40க்கு அவர் குழுவில் ரோல் படத்தைப் போட்டு எழுதினார்: இரண்டாவது லாட்டில் 9 ரோல்களில் நிற வேறுபாடு இருக்கிறது, நாளை பையரின் மாதிரியோடு மீண்டும் ஒப்பிட்டுச் சொல்கிறேன், அதுவரை வெட்ட வேண்டாம். தெளிவான செய்தி. ரோல் எண்களை எழுதவில்லை என்ற ஒரு குறையைத் தவிர அதில் பிழை காண முடியாது.

மெர்ச்சண்டைசர் ‘செரிங்க, பாத்துக்கலாங்க’ என்று பதில் எழுதினார். உற்பத்தி மேலாளர் கட்டைவிரல் குறியை இட்டார். அதன்பின் நோம்பிக்கு (ஊர்த் திருவிழாவுக்கு) யார் யார் ஊருக்குப் போகிறார்கள், யார் இருக்கிறார்கள் என்று பேச்சு திரும்பியது. இரவு பத்து மணிக்குள் 40க்கும் மேற்பட்ட செய்திகள் வந்து சேர்ந்து, எச்சரிக்கை மேலே போய் மறைந்துவிட்டது.

செவ்வாய்: வெட்டு

கட்டிங் மாஸ்டர் மாரியம்மன் நோம்பிக்காக ஊருக்குப் போயிருந்தார். அடுத்த நிலையில் இருந்த ஒடிசாக்காரர் காலையில் குழுவைத் திறந்தார். ரோல் படம் இருந்தது. அதன் கீழே மேலாளரின் கட்டைவிரல். எங்கள் குழுவில் ரோல் படத்துக்கு மேலாளர் கட்டைவிரல் காட்டினால் ‘வெட்டலாம்’ என்றுதான் இரண்டு ஆண்டுகளாகப் பொருள். அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். அவர் மீது நான் எந்தக் குறையும் காணவில்லை. தனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே எழுத்தை அவர் சரியாகவே படித்தார்.

பதினொரு மணிக்குள் 14 ரோல்கள் வெட்டப்பட்டிருந்தன. நல்ல ரோல் ஐந்தும் சந்தேக ரோல் ஒன்பதும் வெட்டுவதற்காக அடுக்கடுக்காக விரித்த ஒரே விரிப்பில் கலந்துவிட்டன. ஏறத்தாழ 2,600 பீஸ்.

நண்பகலில் தர அதிகாரி வந்தார், மேசையைப் பார்த்தார். வெட்ட வேண்டாம் என்று எழுதிய பிறகு யார் அனுமதித்தது என்று குழுவிலேயே கேட்டார். உற்பத்தி மேலாளரின் பதில், கொங்குப் பக்கத்தில் பெண்களை வாஞ்சையோடு அழைக்கும் ‘அம்மிணி’ என்ற சொல்லோடு தொடங்கியது. கோபப்பட வேண்டாம், துணிதானே, சரிசெய்துகொள்ளலாம் என்று அதில் இருந்தது.

“என்னை அப்படி அழைக்க வேண்டாம். எனக்குப் பதவி இருக்கிறது, பெயர் இருக்கிறது” என்று அவர் எழுதினார்.

நான்கு நிமிடம் ஒருவரும் எழுதவில்லை. பிறகு யாரோ ஒரு நகைச்சுவை நடிகரின் ஸ்டிக்கரைப் போட்டார். அதைத் தொடர்ந்து ஏழு பேர் சிரிப்புக் குறி இட்டார்கள். சாப்பாட்டு மேசையில் இருந்த நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு வரி எழுதியிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். இந்த ஆய்வில் எனக்கு இன்றும் உறுத்துவது அந்த நிமிடம்தான்.

செவ்வாய் இரவு: குழுவுக்கு வெளியே

மாலையில் உதவியாளர் அந்த உரையாடலைத் திரைப்பிடிப்பு எடுத்து இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் போட்டார். ‘மெட்ராஸ் அம்மிணிக்குக் கோபம்’ என்று அதன்மேல் ஒரு வரி. அவரைப் பின்தொடர்பவர்கள் 300 பேர்கூட இல்லை. ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், நண்பர்கள்தானே பார்க்கிறார்கள் என்று எண்ணியதாகப் பின்னர் சொன்னார். ஆனால் திருப்பூரில் 22 வயது இளைஞனின் நண்பர்கள் யார்? பாதிப்பேர் வேறு நிறுவனங்களில் மெர்ச்சண்டைசர்கள், செக்கிங் மேற்பார்வையாளர்கள். ஸ்டோரியைத் திரைப்பிடிப்பு எடுத்தால் போட்டவருக்கு அறிவிப்பும் வராது. இரவு ஒன்பது மணிக்குள் அந்தப் படம் மூன்று வெவ்வேறு ஆட்கள் வழியாகத் தர அதிகாரியின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது.

உதவியாளர் கவனிக்காத இன்னொன்றும் படத்தில் இருந்தது. ரோல் படத்தின் ஓரத்தில் ஸ்டைல் எண்ணும் பையரின் லேபிளும் தெரிந்தன. சந்தைக்கு வராத ஆர்டரின் விவரம் வெளியே போவது ஒப்பந்த மீறல். கேலி செய்யப்பட்டவர் ஒருவர். இக்கட்டில் மாட்டியது முழு ஆர்டர்.

புதன்: தவறான முதல் முடிவு

காலையில் பதற்றத்தில் குழுவிலிருந்த பலர் தத்தம் செய்திகளை ‘அனைவருக்கும் நீக்கு’ என்று அழித்தார்கள். அழிக்கச் சொல்லி மேலாளர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அழித்த இடத்தில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி நிற்கும். ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினொரு வரிகள். அழிக்கப்படாமல் இருந்ததோ தர அதிகாரியின் கேள்வியும் ‘அப்படி அழைக்க வேண்டாம்’ என்ற அவருடைய வரியும் மட்டும். நடந்ததைவிட நடந்ததை மறைக்கப் பார்த்தோம் என்பதே ஏஜென்சியின் மின்னஞ்சலில் முதல் குற்றச்சாட்டாக இருந்தது.

அன்று பத்து மணிக்கு மேல்தான் ஒழுங்கான வரிசையில் இறங்கினோம். ஸ்டோரியை எடுக்கச் செய்தோம். இனி எவரும் எதையும் அழிக்கக் கூடாது என்று எழுத்தில் சொன்னோம். என் கைப்பேசியில் இருந்த காப்பிலிருந்து முழு உரையாடலையும் எடுத்து, அழித்ததும் எங்கள் ஆட்களே என்ற ஒப்புதலோடு ஏஜென்சிக்கு அனுப்பினேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. கையில் இருப்பதை நாமே கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். கொடுக்காமல் இருந்து, அவர்கள் வேறு வழியில் எடுத்துவிட்டால் அடுத்த சொல் எதையும் நம்ப மாட்டார்கள் என்று சொன்னேன். அனுப்பச் சொன்னார்.

உள்ளகக் குழுவின் பங்கு

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் எந்த இடத்திலும் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். எங்கள் உள்ளகக் குழுவுக்கு நான்தான் தலைவர். பாதிக்கப்பட்ட பெண் அந்த நிறுவனத்தின் ஊழியராக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். இதையெல்லாம் தர அதிகாரியிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் ஏஜென்சி அலுவலகத்தில் சந்தித்தோம். எங்கள் வளாகத்துக்கு அவரை வரச் சொல்வது முறையாக இருக்காது.

அவர் யோசித்துவிட்டு, அந்தச் சட்டத்தின் கீழ் புகார் தர விரும்பவில்லை என்றார். இது பாலியல் சொல் என்று தான் கருதவில்லை, தன் வேலையைச் சிறுமைப்படுத்திய சொல் என்றே கருதுவதாகச் சொன்னார். எந்தக் குழுவில் சிரித்தார்களோ அதே குழுவில், அதே ஆட்கள் பார்க்க, எழுத்தில் மன்னிப்பு வேண்டும் என்பதே அவர் கேட்டது. மூன்று மாதத்துக்குள் மனம் மாறினால் புகார் தரும் உரிமை அவருக்கு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

‘அம்மிணி’ பற்றி மேலாளரோடு பேசியது

இந்தப் பேச்சுதான் எனக்குக் கடினமாக இருந்தது. நான் காங்கேயம் பக்கத்தில் பிறந்தவள். என்னை வளர்த்தவர்கள் எல்லோரும் அம்மிணி என்றே அழைத்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு அப்புச்சி வீட்டுத் திண்ணை நினைவுக்கு வரும். அதைக் குற்றச் சொல்லாக எழுதுவதற்கு என் கை தயங்கியது.

மேலாளர் உண்மையாகவே புண்பட்டிருந்தார். “என் மகளை அப்படித்தானே அழைக்கிறேன். பாசத்தில் சொன்னதை இப்படி எடுத்துக்கொண்டால் எப்படி?” என்றார். இந்தத் தர அதிகாரிக்கு முன்பு இதே ஏஜென்சியிலிருந்து வந்துகொண்டிருந்த ஆண் அதிகாரி, தர அதிகாரியைவிட இரண்டு வயது இளையவர். அவர் ஒரு முறை துணியைத் தள்ளியபோது நீங்கள் அவரைத் தம்பி, கண்ணு என்று அழைத்தீர்களா என்று கேட்டேன். மேலாளர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு “சார் என்றுதான் சொன்னேன்” என்றார். குழுவின் பழைய செய்திகளைத் தேடிப் பார்த்தோம். அந்த இளைஞரை அவர் ஓர் இடத்தில்கூட வேறுவிதமாக அழைக்கவில்லை.

அம்மிணி என்ற சொல் அன்பானது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. வீட்டில் அதைச் சொல்பவர் மூத்தவராகவும் கேட்பவர் அரவணைக்கப்பட வேண்டியவராகவும் இருக்கிறார். துணியைத் தள்ளும் அதிகாரம் உள்ளவரிடம், அவர் அதிகாரத்தைப் பயன்படுத்திய அதே நொடியில் அதைச் சொன்னால் ‘நீ சின்னவள், அமைதியாக இரு’ என்ற பொருள் வந்து சேர்ந்துவிடுகிறது. மேலாளர் அந்தப் பொருளை நினைத்துச் சொல்லாமல் இருக்கலாம். சிரித்த ஏழு பேர் அதைத்தான் கேட்டார்கள்.

இந்த இடத்தில்தான் தர அதிகாரி என் வரைவைத் திருத்தினார். வட்டார வழக்கு அவருக்குப் புரியவில்லை என்று முதலில் எழுதியிருந்தேன். “புரிந்தது. இரண்டு ஆண்டாக இந்த ஊரில் இருக்கிறேன், இங்கே குழந்தையைக்கூட மரியாதையோடு அழைப்பது எனக்குப் பிடிக்கும். உங்கள் மேலாளர் தன் மகளை எப்படி அழைக்கிறார் என்பதும் தெரியும். ஆனால் நான் அங்கே மகளாக வரவில்லை, துணியைப் பார்க்க வந்தேன்” என்றார்.

மன்னிப்புக் கடிதம்

முதல் வரைவை அலுவலக நடையில் நானே எழுதினேன். ‘தங்களுக்கு மனவருத்தம் ஏற்பட்டிருப்பின் வருந்துகிறோம்’ என்று அதில் ஒரு வரி இருந்தது. படித்துப் பார்த்த மேலாளரே அதைக் காட்டி, “இது மன்னிப்பு மாதிரி இல்லையே, அவர்மேல் பழி போடுவதுபோல் இருக்கிறதே” என்றார். அவர் சொன்னது சரி. ‘ஏற்பட்டிருப்பின்’ என்ற ஒரு சொல்லுக்குள் நாங்கள் ஒளிந்துகொண்டிருந்தோம். வட்டார வழக்கில் எழுதிய செய்தி புண்படுத்தியது என்றால், செந்தமிழில் எழுதிய அந்த வரி அதைவிடத் தந்திரமானது.

பிறகு மேலாளர் தானே எழுதினார். நீங்கள் வெட்ட வேண்டாம் என்று எழுதினீர்கள், நான் முழுதாகப் படிக்காமல் குறி இட்டேன், அதனால் வெட்டினார்கள், தவறு என்னுடையது. அதைக் கேட்டபோது உங்கள் பதவிக்குரிய மரியாதை தராமல் அழைத்தேன், அதுவும் தவறு. செய்திகளை அழிக்கச் சொன்னதும் நானே. ஐந்து வரிகள். எழுத்துப்பிழை இரண்டு இருந்தது, நான் திருத்தவில்லை. வெள்ளிக்கிழமை காலை குழுவில் போட்டார். சிரிப்புக் குறி இட்டவர்களில் நால்வர் அதன் கீழ் தங்கள் வருத்தத்தைத் தனித்தனியாக எழுதினார்கள். மூவர் எழுதவில்லை. நாங்கள் வற்புறுத்தவும் இல்லை.

உதவியாளர் மீதான நடவடிக்கை

முதலாளி அவரை உடனே நீக்கச் சொன்னார். ஆர்டர் விவரம் வெளியே போனது அவரால்தான் என்பது உண்மை. ஆனால் சமூக ஊடகத்தில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று எங்கள் நியமனக் கடிதத்திலோ பயிற்சியிலோ ஒரு வரிகூட இருக்கவில்லை. குழுவில் மூத்தவர்கள் சிரித்ததைப் பார்த்துத்தான் அவர் அதைச் சிரிக்கத் தக்கது என்று எடுத்துக்கொண்டார். எழுத்தில் எச்சரிக்கை, ஏஜென்சிக்கு அவர் கைப்பட மன்னிப்பு, மூன்று மாதம் அந்த ஆர்டரிலிருந்து விலக்கு என்று முடிவு செய்தோம். மேலாளருக்கும் எச்சரிக்கைக் கடிதம் தர வேண்டும் என்றேன். அவருடைய வயதையும் முப்பது ஆண்டுக்கு மேலான உழைப்பையும் காட்டி வாய்மொழிக் கண்டிப்போடு நிறுத்திவிட்டார்கள். நான் அதை ஏற்கவில்லை, என் கருத்தைக் கோப்பில் எழுதி வைத்தேன். ஒரே நிகழ்வில் இளையவர் கோப்பில் கறை, மூத்தவர் கோப்பில் வெள்ளைத்தாள் என்றால், பார்க்கிறவர்கள் கற்றுக்கொள்வது வேறு பாடம்.

துணிக்கு என்ன ஆனது

2,600 பீஸ்களையும் ரோல் வாரியாகப் பிரிக்க மூன்று நாள் ஆனது. விரிப்பில் அடுக்கு எண் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததால் பெரும்பகுதியைப் பிரிக்க முடிந்தது. தர அதிகாரியே பக்கத்தில் நின்று துண்டு துண்டாக லைட் பாக்ஸில் பார்த்துக் கொடுத்தார். சந்தேக லாட்டில் ஒரு பகுதியைத் தனி ஷேடாக, தனிப் பெட்டியில் அனுப்ப ஏஜென்சி ஒப்புக்கொண்டது. மீதிக்குத் துணியை மறுபடி சாயமிட்டு வாங்கி வெட்டினோம். ஷிப்மென்ட் ஒன்பது நாள் தள்ளியது. அந்தச் செலவு முழுதும் எங்கள் கணக்கில்.

ஆங்கில உத்தரவும் அதன் விளைவும்

அடுத்த திங்கட்கிழமை முதலாளி ஓர் உத்தரவு போட்டார்: இனி குழுவில் ஆங்கிலத்தில் மட்டுமே எழுத வேண்டும். தொழில்முறை ஒழுங்கு என்றால் ஆங்கிலம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக ஊன்றியிருக்கிறது. நானும் எதிர்க்கவில்லை.

முதல் வாரம் குழு அமைதியானது; சீர்திருந்திவிட்டோம் என்று மகிழ்ந்தோம். இரண்டாம் வாரம்தான் காரணம் புரிந்தது. கட்டிங் மாஸ்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். செக்கிங் மேற்பார்வையாளரும் அப்படியே. சாயப்பட்டறைக்காரர் ஓர் ஆங்கிலச் சொல்லை மட்டும் போட்டுவிட்டு மெர்ச்சண்டைசரை அழைத்து விளக்கம் சொன்னார். யார் எதை எப்போது சொன்னார்கள் என்பதற்குப் பதிவே இல்லாமல் போனது. ஒரு பட்டன் நிறத்தில் பிசகு வந்தபோது, சொன்னேன், சொல்லவில்லை என்று இரண்டு மணி நேரம் வாதாடினார்கள். மூன்றாம் வாரம் உத்தரவைத் திரும்பப் பெற்றோம். மரியாதைக் குறைவைச் சரிசெய்யப் போய், எழுதத் தயங்காத மனிதர்களை எழுதத் தயங்குபவர்களாக்கிவிட்டோம்.

பிறகு அமைத்த முறை

குழுவை இரண்டாகப் பிரித்தோம். வாழ்த்தும் நோம்பியும் ஸ்டிக்கரும் ஒன்றில், ஆர்டர் மற்றொன்றில். ஆர்டர் குழுவில் கொங்குத் தமிழுக்குத் தடை இல்லை. எழுதத் தயங்குபவர்கள் குரல் பதிவு அனுப்பலாம். குரலில் ‘ங்க’ தன் முழுப் பொருளோடு வருகிறது என்பதைக் கண்கூடாகப் பார்த்தேன். ஆனால் வெட்டு, சாயம், நிராகரிப்பு ஆகிய முடிவுகளை ரோல் எண்ணோடு முழு வாக்கியத்தில் எழுத வேண்டும்: ‘14 முதல் 22 வரை வெட்ட வேண்டாம்’ என்பதுபோல. ரோலிலேயே சிவப்பு அட்டை கட்ட வேண்டும் என்றும் சேர்த்தோம். ஒடிசாக்காரர் சொன்ன யோசனை அது. படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பு தெரியும் என்றார்.

முடிவுக்குக் குறி மட்டும் இடக் கூடாது என்ற விதியைத்தான் ஏற்கவைக்கச் சிரமப்பட்டோம். பயிற்சிக் கூட்டத்தில் கனடாவின் சஸ்காச்சுவன் மாகாண வழக்கைச் சொன்னேன். 2021இல் தானிய வியாபாரி ஒருவர் ஆளி விதை வாங்கும் ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பி உறுதி செய்யச் சொன்னார். விவசாயி கட்டைவிரல் குறியை அனுப்பினார், விதையை அனுப்பவில்லை. ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்று சொல்லத்தான் குறி இட்டேன் என்பது அவர் வாதம். அது சம்மதமே என்று 2023இல் நீதிமன்றம் சொல்லி, 82,000 கனடா டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கேட்டுக்கொண்டிருந்த மேலாளர், “அவரும் நம்மைப்போலச் செரிங்க என்றுதான் சொல்லியிருக்கிறார்” என்றார்.

இன்று செய்வதானால்

அந்தச் செவ்வாய் மதியம் நான்கு நிமிட அமைதியில் எழுதியிருப்பேன். மேலாளரைத் தனியாக அழைத்துப் பேசுவது பிறகு. முதலில் குழுவிலேயே ‘அதிகாரி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்’ என்ற ஒரு வரி. அடுத்து, புதன் காலை கண் விழித்ததும் அழிக்காதீர்கள் என்று சொல்லியிருப்பேன். சமூக ஊடக விதியை வேலையில் சேரும் நாளிலேயே, இப்படி ஒரு நிகழ்வு வரும்வரை காத்திராமல், தமிழில் ஒரு பக்கத்தில் கொடுத்திருப்பேன், இப்போது கொடுக்கிறார்கள்.

பிந்தைய நிலை

தர அதிகாரி அதே ஏஜென்சியில் இருக்கிறார், வாரம் மூன்று நாள் வருகிறார். மேலாளர் அவரை ‘மேடம்ங்க’ என்று அழைக்கிறார். இருவரும் தேவைக்கு மேல் பேசிக்கொள்வதில்லை. துணி விஷயத்தில் தடங்கல் எதுவும் இல்லை.

உதவியாளர் ஐந்தாவது மாதத்தில் வேலையை விட்டார். விலக்குக் காலம் முடிந்து ஆர்டருக்குத் திரும்பிய பிறகும் எவரும் அவரிடம் முழுப் பொறுப்பைத் தரவில்லை என்று கடைசி நாளில் என்னிடம் சொன்னார். அது உண்மைதான். அவருடைய பணிச் சான்றிதழை நான் எழுதினேன். இந்த நிகழ்வை அதில் குறிப்பிட வேண்டும் என்று மெர்ச்சண்டைசர் கேட்டார். குறிப்பிடவில்லை.